மறுபடியும் அஞ்சு

கீழே வந்து சேர்ந்த பிறகுதான் அந்த டாக்டருக்கு மேலே ஏதோ பாக்கி இருப்பது ஞாபகம் வரும். நான் லிஃப்ட் கதவைத் திறந்துவிட்டிருப்பேன். ஒரு காலை வெளியே வைப்பார். உடனே அதே காலை உள்ளே இழுத்துக்கொண்டு, "அண்ணா, மறுபடியும் அஞ்சு" என்பார். வெளியே ஸ்ட்ரெச்சரோடு நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "ஸாரிங்க, ஸாரிங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுவார். ஐந்தாவது மாடி வந்ததும் கதவு முழுதாகத் திறப்பதற்குள் பக்கவாட்டில் நுழைந்து ஓடிவிடுவார்.

கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் லிஃப்ட் ஓட்டுவது என் வேலை. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்வது முறையில்லை. டாக்டரின் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால், "என்னங்கண்ணா இது" என்று சங்கடப்படுவார். நான் பத்தாவது வரை படித்தவன். நாலு பேரோடு கலகலவென்று பேச எனக்கு வராது. அதற்கு இந்த வேலை தோதாக அமைந்துவிட்டது. ஏறுகிறவர்கள் என் முதுகுக்குப் பின்னால் நின்று பேசுவார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தான்களைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு மேற்படிப்புக்காக வந்த பெண் டாக்டர். ஐந்தாவது மாடியில் உள்ள பொது மருத்துவ வார்டில் வேலை பார்த்துக்கொண்டே மூன்று வருடம் படிக்க வேண்டும். டாக்டர் படிப்பை முடித்தது சீனாவில். வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே வைத்தியம் பார்ப்பதற்குத் தனியாக ஒரு பரீட்சை எழுத வேண்டுமாம். மேற்படிப்புக்கு இன்னொன்று. இரண்டையும் தாண்டித்தான் வந்திருந்தார். ஆனாலும் வந்த முதல் வாரமே அவருக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். சைனா பீஸ்.

"சைனா மொபைல்டா அது. ரெண்டு தடவை ரீஸ்டார்ட் பண்ணாத்தான் ஓடும்" என்று அவரோடு படிக்கும் இளம் டாக்டர் ஒருவர் ஒருநாள் லிஃப்டில் சொன்னார். கூட வந்தவர் சிரித்தார். காலி ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் பெரிய மேடம் நின்றுகொண்டிருந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

"தம்பி, நீ எந்த ஊரு மாடல்?" என்றார் மேடம். "நீ ஒரு தடவையாவது ஸ்டார்ட் ஆகி நான் பார்த்ததில்லையே."

அதற்குப் பிறகு மேடம் இருக்கும் இடத்தில் மட்டும் அந்தப் பேச்சு நின்றது.

அந்த வார்டுக்குத் தலைமை டாக்டர் மேடம்தான். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். கோபம் வந்தால் தெலுங்கில் ஏதோ முனகிவிட்டுத் தமிழில் திட்டுவார். வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறவர்களை இங்கே யாரும் கைபிடித்துக் கூட்டிப் போவதில்லை, பரீட்சை பாஸாகிவிட்டால் எல்லாம் தெரியும் என்று விட்டுவிடுகிறார்கள் என்று அவருக்கு ஒரு குறை. அதனால் சனிக்கிழமை மத்தியானம் அப்படிப்பட்டவர்களை மட்டும் ஐந்தாவது மாடி ஹாலில் உட்காரவைத்துப் பேசுவார். அந்த வருடம் மூன்று பேர். ரஷ்யாவில் படித்தவர் ஒருவர், பிலிப்பைன்ஸில் படித்தவர் ஒருவர், அப்புறம் இவர். டீயும் பன்னும் என் லிஃப்டில்தான் மேலே போகும். "உங்களுக்கு அறிவு குறைச்சல் இல்ல கண்ணுகளா, இந்த ஊர்ப் பழக்கந்தான் குறைச்சல். பழகிட்டாச் சரியாப் போயிரும்" என்று கீழே வரும்போது அவர்களிடம் சொல்லிக்கொண்டே வருவார்.

மற்ற இரண்டு பேரும் பழகிக்கொண்டார்கள். இவர் மட்டும் திரும்பித் திரும்பி மேலே போய்க்கொண்டிருந்தார்.

அப்படி என்னதான் மறந்துவிடுகிறார் என்று எனக்கே ஆர்வமாக இருக்கும். லிஃப்டை விட்டு நான் நகர முடியாது. வார்டு சிஸ்டர் கீழே வரும்போது தலையில் அடித்துக்கொண்டு சொல்லுவார். "போயி அந்த ஆத்தாகிட்ட நின்னு, 'மேல சுத்தற காத்தாடிக் காத்து மூஞ்சில அடிக்குதுங்களா'ன்னு கேட்டாங்க. அந்த ஆத்தா, 'இல்லீங்கம்மணி'ன்னுச்சு. வந்துட்டாங்க. இதுக்கு ஒரு ட்ரிப்பு." இன்னொரு நாள், "காலை ரவுண்ட்ஸ்ல பார்த்த ஆளையே மறுக்காப் போயி நாக்கை நீட்டச் சொன்னாங்க. அந்த ஆளு, நம்ம நாக்குல என்னமோ இருக்குதுன்னு பயந்து உக்காந்திருக்கான்."

லிஃப்டுக்குள்ளும் அவர் சும்மா நிற்க மாட்டார். ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு நடப்பார். பேனா மூடியைக் கடிப்பார். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுற்றி, மறுபடி கழுத்தில் போட்டுக்கொள்வார். அவர் ஏறினால் எனக்கும் கால் தரையில் நிற்காது. பஸ் பிடிக்கப் போகிறவன் மாதிரி இருக்கும்.

ஒருநாள் மூன்றாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளச் சற்று நேரமாகும். உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான். அவர் நடப்பதை நிறுத்தினார். அவராகவே பேசினார்.

"ஏனுங்கண்ணா, என்னாலே உங்களுக்கு ரொம்பத் தொந்தரவுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க டாக்டர்."

"பாருங்க, நீங்களும் ஒண்ணுமில்லைங்கறீங்க" என்று சிரித்தார். "சைனால, அங்க வார்டுல பேஷண்ட்டு பேசறது எனக்குப் பாதிதானுங்கண்ணா புரியும். சார்கூட ரவுண்ட்ஸ் போறப்பத் தலையாட்டிட்டு வந்துருவேன். அப்புறம் தனியாப் போயி, கையைக் காட்டி, படம் போட்டுக் கேப்பேன். சிரிப்பாங்க. ஆனா ரெண்டாவது தடவ போனாச் சொல்லுவாங்க. சார்கிட்டச் சொல்லாததையும் சொல்லுவாங்க. இங்க வந்தா நம்ம பாஷை. இருந்தும் மொதத் தடவை யாரும் வாயத் திறக்க மாட்டேங்கறாங்களே!"

நான் இருட்டில் தலையாட்டினேன். அவர் பார்த்திருக்க முடியாது.

"என்ற அப்பா ஆனைமலைப் பக்கம் தோப்புல தேங்கா பறிக்கறவருங்க. நான் அங்க இருக்கறப்ப வாரம் ஒருக்கா வீடியோல பேசுவாரு. எப்பக் கேட்டாலும், 'எனக்கென்ன கண்ணு, நல்லாருக்கேன்.' ஃபோனை மூஞ்சிக்கு நேராப் புடிச்சுக்குவாரு. படிப்பு முடிச்சு வந்தப்ப ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தாரு, குச்சி ஊனிக்கிட்டு. சக்கரை வியாதி. கால்ல ரெண்டு வெரலை எடுத்துப்போட்டாங்க. டாக்டருக்குப் படிக்கிற புள்ளகிட்டச் சொல்லலை. ஏம்ப்பான்னா, 'நீ கேட்டப்ப நல்லாத்தானே கண்ணு இருந்தேன்'ங்கறாரு. நான் இன்னொருக்காக் கேட்டிருக்கோணும்."

கரண்ட் வந்துவிட்டது. அவர் மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே யோசித்தேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்குப் போனால், "சாப்பிடுங்க" என்றதும் இலைமுன் உட்கார்ந்துவிட மாட்டோம். வயிறு காய்ந்தாலும், "இப்பத்தானுங்க ஆச்சு" என்போம். வீட்டுக்காரர் இன்னொரு தடவை சொல்ல வேண்டும். சொல்லுவார் என்று நமக்குத் தெரியும். முதல் தடவை மறுப்பது மரியாதை. அதே மரியாதையை டாக்டரிடமும் காட்டிவிடுகிறோம். "எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டால், "பரவால்லீங்க." இன்னொரு தடவை கேட்க டாக்டருக்கு நேரமில்லை. அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

இவருடைய பழக்கம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அது அவருக்குக் கெடுதலாக முடியும்போல இருந்தது. முதல் வருடம் முடிவதற்குள் அவரவர் தனியாக அவசரப் பிரிவு டூட்டி பார்க்க வேண்டும். தரைத்தளத்தில் என் லிஃப்டுக்கு எதிரேதான் அவசரப் பிரிவு. ரஷ்யா டாக்டருக்கும் பிலிப்பைன்ஸ் டாக்டருக்கும் தனி டூட்டி கொடுத்தாகிவிட்டது. இவருக்கு இன்னும் ஒரு சீனியரைத் துணைக்குப் போட்டுத்தான் அனுப்பினார்கள். துணைக்கு வருகிறவர்கள் அலுத்துக்கொண்டார்கள். "அவங்க ஒரு பேஷண்ட்டைப் பார்க்கறதுக்குள்ள நான் நாலு பேரைப் பார்த்துருவேன். இவங்களுக்குக் காவல் காக்கறதுதான் என் வேலையா?" என்று ஒருவர் லிஃப்டில் மேடத்திடமே சொன்னார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து மேடமும் இவரும் சேர்ந்து இறங்கினார்கள்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்க்கறேன் கண்ணு. ஒரு தடவை பாரு, முடிவெடு, நகரு. திரும்பிப் போகக் கூடாது. அது முடிஞ்சா உனக்குத் தனி டூட்டி. முடியலைன்னா இந்த வருஷத்தை மறுபடியும் பண்ணு. உன்னைக் காப்பாத்தணும்னுதான் சொல்றேன், புரியுதா?"

"புரியுதுங்க மேடம்."

மேடம் போன பிறகு இவர் இறங்காமல் நின்றார். நான் பொத்தானில் கை வைத்தேன்.

"இல்லீங்கண்ணா, மேல வேண்டாம்" என்றார். "வருஷத்தைத் திரும்பிப் பண்ணச் சொன்னா நான் படிப்பை விட்டுட்டு ஊருக்குப் போயிருவேன். இங்க ஒருக்கா சைனா பீஸுன்னு கேட்டாச்சு, மறுக்காக் கேக்க முடியாது. நீங்க ஒரு உதவி பண்ணோணும். நான் மறுபடியும் அஞ்சுன்னு சொன்னா, லிஃப்ட் ரிப்பேருன்னு சொல்லிருங்க."

"எனக்குப் பொய் சொல்ல வராதுங்க டாக்டர்."

அவர் யோசித்தார். "அப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. கதவைத் திறந்துட்டு வெளிய பார்த்துக்குங்க. என்ற பக்கம் திரும்பவே திரும்பாதீங்க."

அப்படியே செய்தேன். கீழே வந்ததும் கதவைத் திறந்துவிட்டு, எதிரே அவசரப் பிரிவின் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். முதுகுக்குப் பின்னால் அவர் நிற்பது தெரியும். ஸ்டெதஸ்கோப்பைச் சுற்றும் சத்தம் கேட்கும். பிறகு செருப்புச் சத்தம் என்னைத் தாண்டிப் போகும். சில நாள் வண்டிகள் நிறுத்தும் இடத்தைச் சுற்றிவிட்டு லிஃப்ட் வாசல் வரைக்கும் வந்து, என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். சாப்பிடுகிற மாதிரியே தெரியவில்லை. முகம் சுண்டிப்போய்விட்டது.

எனக்கும் நிலைகொள்ளவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைக்குப் போன பிறகு, பூட்டினோமா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். என் மனைவி பக்கத்து வீட்டு அக்காவிடம், "எங்க ஊட்டுக்காரருக்கும் அந்தச் சைனா டாக்டர் வியாதி தொத்திக்கிச்சுங்க்கா" என்று சொல்லிச் சிரித்தாள். லிஃப்டிலும் தடுமாற்றம்தான். இடது பக்கமாக ஏறுகிறவர்கள் திடீரென்று முளைத்த மாதிரி இருக்கும். கையை நீட்டி இடித்துவிடுவேன். "ஏனுங்க, கண்ணு தெரியாதுங்களா?" என்று ஓர் அம்மா சத்தம் போட்டார். மனசு ஒரு இடத்தில் இல்லாததால் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

மாசக் கடைசி நெருங்கும்போதுதான் அவிநாசிப் பக்கத்துப் பெரியவர் வந்தார். நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார், மூக்கில் ஆக்சிஜன் மாட்டியிருந்தது. அப்படியும் லிஃப்டில் யார் ஏறினாலும் எழுந்து உட்கார்ந்து கும்பிடுவார். சிஸ்டர் அழுத்திப் படுக்கவைப்பார். அடுத்த மாடியில் இன்னொருவர் ஏறுவார், இவர் மறுபடி எழுந்துகொள்வார். "பெரியவரே, அவங்க உங்க சொந்தமில்லீங்க, எக்ஸ்ரே எடுக்கற பொண்ணு" என்றார் சிஸ்டர். "இருக்கட்டுமுங்க. எதிர்க்க வாரவங்களைப் படுத்துக்கிட்டா பாக்கறது?" என்றார். என்னிடமும், "வணக்கமுங்க, நீங்க எந்தூருங்க?" என்று விசாரித்தார். அவர் ஓர் அருமைக்காரர் என்று கூட வந்த மகன் சொன்னார். எங்கள் பக்கத்தில் கல்யாணச் சீர்களை முன்னின்று நடத்திவைக்கும் பெரிய மனிதரை அப்படிச் சொல்லுவோம். அவர் அரிசி போட்டு வாழ்த்தினால்தான் சீர் முடிந்ததாகும்.

நாலைந்து நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. மறுநாள் வீட்டுக்கு அனுப்பப் போவதாகப் பேச்சு. அன்று காலை ரவுண்ட்ஸ் முடிந்து இவர் தனியாகக் கீழே வந்தார். வழக்கம்போலக் கதவைத் திறந்துவிட்டு வெளியே பார்த்தேன். செருப்புச் சத்தம் வரவில்லை. வெளியே ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் நின்றார்கள்.

"டாக்டர், எறங்கறீங்களா இல்லீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

இறங்கினார். நேராகப் போனார். வாசலுக்குப் போகவில்லை. லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் படியில் திரும்பி ஏற ஆரம்பித்தார்.

ஸ்ட்ரெச்சரை ஏற்றிக்கொண்டு நானும் மேலே கிளம்பினேன். எங்கள் லிஃப்ட் மெதுவாகத்தான் போகும். இரண்டாவது மாடியில் மேடம் ஏறினார். மூன்றாவது மாடியில் ஸ்ட்ரெச்சர் இறங்கியது. கதவு திறந்திருந்தபோது எதிரே படி வளைவில் இவர் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிப் போனார்.

"படியில போறது யாரு?" என்றார் மேடம்.

நான் பொத்தான்களைப் பார்த்தேன்.

"அதானே பார்த்தேன்" என்றார். தெலுங்கில் ஏதோ முனகினார். "அஞ்சுக்கே போங்க."

ஐந்தாவது மாடியில் மேடம் வேகமாக இறங்கி வார்டுக்குள் போனார். அதே நேரத்தில் படியேறி முடித்து, முகமெல்லாம் வேர்த்து, இவரும் உள்ளே நுழைந்தார். மேடம் இவரைக் கூப்பிட்டது கேட்டது. இவர் நிற்கவில்லை.

நான் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு நின்றேன். அப்படி நான் என்றும் செய்ததில்லை. கீழேயிருந்து மணி அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. தனி டூட்டி போயிற்று, படிப்பும் போயிற்று, இனி ஆனைமலை பஸ்தான் என்று நினைத்தேன்.

திடீரென்று உள்ளே ஓட்டமும் நடையுமாக இருந்தது. பெரியவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தலைமாட்டில் இவர். பக்கத்தில் மேடம். பெரியவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. எழுந்து உட்காரவில்லை.

"அண்ணா, ஒண்ணு" என்றார் இவர். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் அறை முதல் மாடியில் இருந்தது.

"ஏன் பெரியவரே, நேத்திருந்து கறுப்பாப் போகுதுன்னு காலைல நான் கேட்டப்பச் சொல்லக் கூடாதா?" என்றார் மேடம். "எந்திரிச்சாக் கண்ணு இருட்டிக்கிட்டு வருதுன்னு இப்பச் சொல்றீங்க. வயித்துக்குள்ள ரத்தம் போகுதுங்க."

"சொன்னா நீங்க உட மாட்டீங்களே அம்மணி. ஞாயித்துக்கெழம முகூர்த்தம். அந்தப் பொண்ணோட அப்பனுக்கும் நாந்தான் சீர் பண்ணி வெச்சேன். வாக்குக் குடுத்துப்போட்டனுங்க."

"நீங்க இல்லாம கல்யாணம் நடக்காதா?"

"நடக்குமுங்க" என்றார் பெரியவர். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நல்லாருக்காதுங்க" என்றார்.

"இந்தம்மாகிட்ட மட்டும் எப்படிச் சொன்னீங்க?"

"இந்த அம்மணி மறுக்கா வந்து கேட்டுப்போட்டாங்களே. மறுக்காக் கேக்கறவங்ககிட்ட எப்படீங்க இல்லைங்கறது?"

அவரை முதல் மாடியில் விட்டார்கள். அந்த அறையின் டாக்டர் பொறுப்பெடுத்துக்கொண்டார். ரத்தக்கசிவை அடைத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. மூட்டுவலிக்குப் பல நாளாகக் கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரை செய்த வேலையாம். மேடமும் இவரும் மறுபடி லிஃப்டில் ஏறியபோது மூன்று பேர்தான் இருந்தோம்.

"எதை வெச்சுத் திரும்பிப் போனே?" என்றார் மேடம்.

"பெரியவர் இன்னைக்குப் படுத்துக்கிட்டே கும்பிட்டாருங்க மேடம். அங்க இருந்தப்ப என்னமோ உறுத்துச்சு, என்னன்னு தெரியலை. கீழ வந்தப்புறந்தான் தெரிஞ்சுது."

மேடம் விடவில்லை. "சரி. இன்னைக்கு ஒரு உசுரு. முந்தாநேத்துத் திரும்பிப் போயிருந்தா என்ன கிடைச்சிருக்கும்?"

"ஒண்ணுமில்லீங்க மேடம்."

"அதுக்கு முந்தி அத்தனை நாளும் போனதுல?"

"பெரும்பாலும் ஒண்ணுமில்லீங்க."

"நீ கீழ வந்து, யோசிச்சு, மறுபடி மேல போறவரைக்கும் கேஷுவாலிட்டில ஆளு உசுரோட இருக்க மாட்டான் கண்ணு. அதத்தான் நான் இத்தனை நாளாச் சொல்றேன்."

லிஃப்ட் தரைத்தளத்தில் நின்றது. நான் கதவைத் திறந்துவிட்டு வெளியே பார்த்தேன். பின்னால் ஸ்டெதஸ்கோப் சுற்றும் சத்தம் கேட்டது.

"அப்ப கீழ வர்ற வரைக்கும் போக மாட்டனுங்க மேடம்" என்றார் இவர். "கட்டிலோட கால்மாட்டு வரைக்கும் போறேன். போறாப்பல. அங்கிருந்தே திரும்பிக்கறேன். திரும்பாம மட்டும் என்னால முடியாதுங்க. அப்படித்தான் இருக்கோணும்னா நான் ஊருக்கே போயிடறேன்."

மேடம் சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா என்று முதுகு காட்டி உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை. "ஞாயித்துக்கிழமை கேஷுவாலிட்டி உனக்கு. தனியா" என்றார். "கால்மாடு வரைக்குந்தான். அதுக்கு மேல ஒரு எட்டு வெச்சீன்னா நானே வந்து இழுத்துட்டுப் போயிருவேன்."

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்யாணத்தை வேறொரு அருமைக்காரர் நடத்தினார். பெரியவர் ஐந்தாவது மாடிக் கட்டிலில் உட்கார்ந்து மகனுடைய ஃபோனில் பார்த்துக்கொண்டே, "அட, அரிசியை வீசறான் பாரு, கோழிக்கா போடறான்?" என்று குறை சொல்லிக்கொண்டிருந்தாராம். கீழே அவசரப் பிரிவின் கதவு திறக்கும்போதெல்லாம் எனக்கு இவர் தெரிந்தார். ஒரு கட்டிலை விட்டு நகருவார். கால்மாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சட்டென்று திரும்புவார். ஏதோ கேட்பார். அடுத்த கட்டிலுக்குப் போவார். காத்திருந்தவர்களில் ஒருத்தர், "ஏனுங்க, எங்களையுங் கொஞ்சம் பாருங்க" என்று சத்தம் போட்டார். "வாரனுங்க, இதா வாரனுங்க" என்றார். ஆனால் திரும்பாமல் வரவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு தடவை கேட்டும் சொல்லாதவர்கள் இருந்தார்கள். இரண்டாவது வருடம் ஒரு பெண் அப்படித்தான். இரண்டு தடவையும், "ஒண்ணுமில்லீங்க" என்றார். விஷத்தை விழுங்கிவிட்டு வந்ததைச் சொல்லவே இல்லை. அந்தப் பெண் இறந்துபோன பிறகு, இவர் சாப்பாட்டு நேரம் முழுவதும் என் லிஃப்டிலேயே சுவருக்குச் சுவர் நடந்தார். எந்த மாடி என்று நான் கேட்கவில்லை. யாராவது கூப்பிட்ட மாடிக்கெல்லாம் அவரையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொண்டுவந்தேன். "மூணாவது தடவையும் கேட்டிருக்கோணுமுங்களாண்ணா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். மணி அடித்த மாடிக்குப் பொத்தானை அழுத்தினேன்.

மூன்று வருடம் முடிந்து பரீட்சையும் எழுதிய பிறகு ஒருநாள் பையோடு வந்தார். பொள்ளாச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது, அப்பாவும் பக்கத்திலேயே இருப்பார் என்றார். ஐந்தாவது மாடியிலிருந்து கீழே கொண்டுவந்தேன். கதவைத் திறந்துவிட்டுப் பழக்கத்தில் வெளியே பார்த்தேன்.

"போயிட்டு வாரனுங்கண்ணா. நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கனுங்க டாக்டர்."

வாசல் வரைக்கும் போனார். பையைத் தரையில் வைத்தார். திரும்பி லிஃப்டை நோக்கி வந்தார். என் முகத்துக்கு நேராக இல்லை, இடது பக்கமாகத் தள்ளி நின்றார். பேசின பிறகுதான் அங்கே நிற்பது எனக்குத் தெரிந்தது.

"இப்பச் சொல்லுங்கண்ணா" என்றார்.

மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. லிஃப்ட்காரனுக்குக் கண் சரியில்லை என்று தெரிந்தால் ஸ்டூலை விட்டு எழுப்பிவிடுவார்களோ என்று ரொம்ப நாளாகப் பயம். மணி அடித்துக்கொண்டிருந்தது. கீழே பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இடது கண்ணுல ஓரமா ஒண்ணும் தெரியறதில்லீங்க."

அவர் உள்ளே வந்து, பையை எடுக்கக்கூடப் போகாமல், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.

"கண் டாக்டர் எத்தனாவது மாடிங்கண்ணா?"

"ரெண்டுங்க."

"போங்க" என்றார்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருந்தது. போன ஓரம் போனதுதான், மீதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இன்னும் நான்தான் லிஃப்ட் ஓட்டுகிறேன். ஸ்டூலை மட்டும், ஏறுகிறவர்கள் வலது கண்ணில் படும்படி, கதவின் அந்தப் பக்கமாக மாற்றிப் போட்டுக்கொண்டேன். தினமும் காலையில் சொட்டு மருந்து விட்டுவிட்டுக் கிளம்புகிறேன். தெருமுனை வரைக்கும் போய், விட்டோமா என்று சந்தேகம் வந்தால் வீட்டுக்குத் திரும்புகிறேன். என் மனைவி இப்போதெல்லாம் சிரிப்பதில்லை. கதவைத் திறந்துவிட்டு, வழிவிட்டு நிற்கிறாள்.